என்ரோவா, மார்போவா? பூனைக்கு ஒரு கணக்கு, நாய்க்கு வேறு கணக்கு

2024 செப்டம்பரிலிருந்து சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பூனையும் வளர்க்கலாம். நாயும் பூனையும் சேர்ந்து வாழும் வீட்டில், நாய்க்கு வாங்கி மிஞ்சிய மாத்திரையை உடைத்துப் பூனைக்குக் கொடுக்கக் கை நீளும். அது என்ரோஃப்ளாக்ஸாசின் (சுருக்கமாக என்ரோ) என்ற கிருமிக்கொல்லி மருந்து, அதாவது பேட்ரில் என்றால் கையை எடுத்துவிடுங்கள்.

பூனைக்கு என்ரோவின் உச்சவரம்பு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 5 மி.கி. 4 கிலோ பூனைக்கு 20 மி.கி. நாயின் 50 மி.கி. மாத்திரையில் பாதியே 25 ஆகிவிடும். முழுதாகப் போனால் இரண்டரை மடங்கு. மருந்தை விழித்திரையிலிருந்து வெளியே தள்ளும் புரதம் பூனையிடம் சரியாக வேலை செய்வதில்லை. தேங்கிய மருந்து வெளிச்சம் பட்டு விழித்திரையைச் சிதைக்கிறது. கண்மணி விரிந்தே இருக்கும், பூனை சுவரில் முட்டும். போன பார்வை பெரும்பாலும் திரும்பாது. சிறுநீரகம் தளர்ந்த கிழப் பூனைக்குச் சரியான அளவே கூடுதலாகிவிடலாம்.

அதனால் பூனைக்கு எங்கள் தேர்வு அதே வகையைச் சேர்ந்த மார்போஃப்ளாக்ஸாசின் (மார்போ). ஐரோப்பிய அளவுப்படி கிலோவுக்கு 2 மி.கி., நாளைக்கு ஒரு வேளை. 4 கிலோவுக்கு 8 மி.கி. வருகிறது. மாத்திரையைத் துப்பும் பூனைக்கு இதே வகையின் பிராடோஃப்ளாக்ஸாசின் (பிராடோ) திரவம் கைகொடுக்கும். காற்றில்லா இடத்தில் வளரும் கிருமிகளையும் அது பிடிக்கும் என்பதால் ஈறு, பல் தொற்றுகளில் அதற்குத் தனி மதிப்பு.

நாய் விஷயத்தில் தராசு என்ரோ பக்கம் சாய்கிறது. அங்கே அளவு கிலோவுக்கு 5 முதல் 20 மி.கி. வரை நீள்கிறது, சூடோமோனாஸ் போன்ற முரட்டுக் கிருமிக்கு மேல்முனை அளவே தேவைப்படும். இந்த வகை மருந்துகள் ரத்தத்தில் எட்டும் உச்சத்தால் கொல்பவை. ‘வயிற்றுக்கு இதமாக இருக்கட்டும்’ என்று ஒரு நாள் அளவைக் காலை, மாலை என்று பிரித்தால் உச்சம் தாழும், தாக்குப்பிடித்த கிருமிதான் பெருகும். பிராடோவை நாய்க்கு ஐரோப்பா அனுமதித்தது. அமெரிக்காவில் நாய்க்கு அனுமதி இல்லை, அளவு மீறினால் எலும்பு மஜ்ஜையின் வேலையை முடக்கும் என்ற கவலை அங்கே.

வளரும் குட்டிக்கு மூன்றுமே வேண்டாம், மூட்டுக் குருத்தெலும்பு கெடும். சிறிய, நடுத்தர இனங்களுக்கு 8 மாதம், பெரியவற்றுக்கு 12, மிகப் பெரியவற்றுக்கு 18 மாதம் வரை இந்தத் தடை. வலிப்பு வரும் நாய்க்கும் எச்சரிக்கை தேவை.

இதே வகையில் மனிதர்களுக்கான சிப்ரோஃப்ளாக்ஸாசின் மலிவுதான். ஆனால் நாயின் குடல் சராசரியாக ஏறக்குறைய 60 விழுக்காட்டையே உறிஞ்சுகிறது, அதுவும் நாய்க்கு நாய் பெரிதும் மாறும். பூனையிடம் இன்னும் மோசம். எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாத மருந்து மலிவாக இருந்து என்ன பயன்?

எதைக் கொடுத்தாலும் தயிர்சாதத்திலோ சீஸிலோ ஒளித்துக் கொடுக்காதீர்கள். கால்சியம் மருந்தைக் கட்டிப்போட்டுவிடும். வேகவைத்த கோழித்துண்டு பரவாயில்லை. இரும்புச்சத்து டானிக், வயிற்றுப்புண் மருந்தான சுக்ரால்ஃபேட் இரண்டுக்கும் குறைந்தது 2 மணி நேர இடைவெளி வேண்டும்.

சாதாரணச் சிறுநீர்த் தொற்றுக்கு அமோக்ஸிசிலினில் தொடங்குவதே முறை. இந்த மூன்றும் பிறகு. கல்ச்சருக்கான, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கான சிறுநீரை முதல் மாத்திரைக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். ஒரு வேளை மருந்து போய்விட்டாலே கிருமி வளராமல் போகலாம். அப்புறம் எந்த மருந்து கேட்கும் என்று கால்நடை மருத்துவர் ஊகிக்கத்தான் வேண்டும்.