பெங்களூரில் சாப்பிட்டுப் பழகியது: எது நிலைத்தது, எது விட்டுப்போனது

பெங்களூருக்கு வேலை மாறி வரும் நம்மவர்கள் முதல் மாதத்திலேயே கேட்டுவிடுவார்கள்: "இங்கே நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும்?" அவர்கள் கேட்பது நம்ம ஊர்ச் சாப்பாட்டை. அதற்கு அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் என்று தமிழ் புழங்கும் பகுதிகள் இருக்கின்றன. பரோட்டா, குழம்பு, கறிதோசை எல்லாம் கிடைக்கும். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் இந்த ஊரின் பாதி ருசி தெரியாமலே போய்விடும். பல வருஷமாக இங்கே வெளியில் சாப்பிட்டு வருகிற எனக்கு, கடையின் பெயரைவிட இரண்டு விஷயம்தான் முக்கியம் என்று ஆகிவிட்டது. அந்தக் கடை எத்தனை ஐட்டம் போடுகிறது? அதை எத்தனை மணிக்குப் போடுகிறது? ஐட்டம் குறைவாக இருந்து, சரியான நேரத்துக்குப் போனால், பெங்களூர் ஏமாற்றுவதே இல்லை.

முதலில் தர்ஷினி. 1983-ல் ஜெயநகரில் தொடங்கிய கஃபே தர்ஷினிதான் இந்த வகைக் கடைக்கு வழி காட்டியது. இன்று எந்தப் பேட்டையிலும் ஒன்று இருக்கும். பெரும்பாலும் நாற்காலி கிடையாது, சர்வர் கிடையாது. வாசலில் பில் போட்டு, சீட்டை உள்ளே கவுண்டரில் நீட்ட வேண்டும். சீட்டை ஓரத்தில் லேசாகக் கிழித்துத் திருப்பித் தருவார்கள், தட்டு வந்துவிடும். இடுப்புக்கு மேல் உயரமான மேடையில் வைத்து நின்றபடியே சாப்பிட்டு, தட்டைத் தொட்டியில் போட்டுவிட்டுக் கிளம்பலாம். ஆபீஸ் போகிறவர், ஆட்டோ ஓட்டுநர், காலேஜ் பிள்ளைகள் எல்லாரும் ஒரே மேடையில் தோளோடு தோள் நின்று சாப்பிடுகிறார்கள். எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்த காட்சி அதுதான்.

கூட்டம் வேகமாக நகர்வதால் அண்டாவும் வேகமாகக் காலியாகிறது. இட்லித் தட்டு இறங்கிய சூட்டிலேயே கைக்கு வருகிறது. காலை ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை எந்தச் சுமாரான தர்ஷினியிலும் இட்லி நன்றாகத்தான் இருக்கும். அதே கடையில் பதினொன்றரை மணிக்கு வாங்கினால் ஓரம் காய்ந்திருக்கும். கடை அதேதான், மாஸ்டரும் அவரேதான். மாறியது நேரம் மட்டும்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. இட்லி வடை சொன்னதும் "டிப்பா, செபரேட்டா?" என்று கேட்பார்கள். டிப் என்றால் வடையும் இட்லியும் சாம்பாரில் மூழ்கி வரும். செபரேட் என்றால் சாம்பார் தனிக் கிண்ணத்தில். வடை மொறுமொறுவென்று இருக்கும் காலை நேரத்தில் செபரேட், கொஞ்சம் நேரமாகிவிட்டால் டிப், இதுதான் என் வழக்கம். அப்புறம் காராபாத். ரவையை வறுத்து, காய்கறியும் வாங்கிபாத் (கத்தரிக்காய் சாதம்) பொடியும் போட்டுக் கிண்டுவது. உப்புமா என்றாலே முகம் சுளிப்பவர்கள்கூட நெய் மினுங்க வரும் காராபாத்தை விடுவதில்லை. பக்கத்தில் ஒரு கரண்டி கேசரிபாத் வைத்தால் அது சௌசௌபாத். காரமும் இனிப்பும் ஒரே தட்டில் மாறி மாறிச் சாப்பிடுவது இந்த ஊர் எனக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம், இன்றுவரை விடவில்லை.

சின்ன மெனுவின் உச்சம் என்று நான் சொல்வது சங்கரபுரத்தில் உள்ள பிராமின்ஸ் காபி பாரை. 1965-லிருந்து நடக்கிறது. இட்லி, வடை, காராபாத், கேசரிபாத், காபி, டீ. அவ்வளவுதான். சாம்பார் கிடையாது. சட்னி ஊற்றுவதற்கென்றே ஒருவர் நிற்கிறார். தட்டை நீட்ட நீட்ட ஊற்றிக்கொண்டே இருப்பார். இட்லி மிதக்கும் அளவுக்கு வாங்கிக்கொண்டு வாசலில், மரத்தடியில், வண்டி மேல் சாய்ந்துகொண்டு என்று ஆளாளுக்கு ஓர் இடம் பிடித்துச் சாப்பிடுகிறார்கள். நீர்க்க இருக்கும் அந்தச் சட்னியில் தேங்காயும் பச்சை மிளகாயும் சரியான அளவில் இருக்கும். இட்லிக்குச் சாம்பார் கட்டாயம் என்று நினைக்கும் எவரையும் நான் முதலில் அங்கேதான் கூட்டிப்போவேன். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, அதை மட்டும் மறக்க வேண்டாம்.

சாம்பார் பேச்சு வந்துவிட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் முதல் வாய் வைத்ததும் வருகிற புகார் அது. என் மாமா மதுரையிலிருந்து வந்திருந்தபோது, "என்ன மாப்ளே, பாயசத்தில் பருப்பைப் போட்டுட்டானா?" என்றார். வெல்லம் போடுவதுதான் இங்கே முறை. உடுப்பி வழிச் சமையலில் புளிக்கும் மிளகாய்க்கும் எதிர்ப்பக்கம் ஒரு துண்டு வெல்லம் இருந்தே ஆக வேண்டும். நம்ம ஊர்ச் சாம்பாரை மனதில் வைத்துக்கொண்டு குடித்தால் பிடிக்காது. தட்டுபோல அகலமாக, பஞ்சுபோல இருக்கும் தட்டே இட்லியோடு சேர்த்துப் பாருங்கள், அந்த இனிப்பு எதற்கு என்று நாக்குக்கே தெரியும். மாமா மூன்றாம் நாள் தானாகவே "டிப்" சொல்லிக் கேட்டு வாங்கினார்.

தோசையில் இந்த ஊர் நம்மிடமிருந்து ரொம்பவே விலகி நிற்கிறது. காகிதம்போல மெலிந்த தோசையை இங்கே பெரிதாக மதிப்பதில்லை. வெளியே பொன்னிறமாக மொறுமொறுப்பு, உள்ளே மெத்து, சின்ன வட்டம், தாராளமாக வெண்ணெயோ நெய்யோ. பல கடைகளில் உள்பக்கம் பூண்டு மணக்கும் சிவப்புச் சட்னி தடவியிருக்கும். காந்தி பஜாரில் 1943-ல் தொடங்கிய வித்யார்த்தி பவனும், மல்லேஸ்வரம் ஏழாவது குறுக்குத் தெருவருகே உள்ள சி.டி.ஆரும் (சென்ட்ரல் டிபன் ரூம்) இந்த வகைக்குப் பேர்போனவை. சி.டி.ஆரின் பலகையில் ஸ்ரீ சாகர் என்று இருக்கும், குழம்ப வேண்டாம்.

வித்யார்த்தி பவனில் சர்வர் ஒரு கையில் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து, முழங்கை தாண்டி அடுக்கிக்கொண்டு வரும் அழகு தனி. அதைவிட நான் கவனிப்பது கல்லை. பெரிய கல்லில் தண்ணீர் தெளித்து, துடைப்பத்தால் ஒரு இழுப்பு இழுத்து, வரிசையாக மாவை ஊற்றி, ஓர் ஈடு முழுக்க ஒரே நேரத்தில் எடுக்கிறார்கள். நீங்கள் காத்திருப்பது உங்கள் தோசைக்காக இல்லை, அடுத்த ஈட்டுக்காக. அது வந்ததும் அந்த அறையில் பாதிப் பேருக்கு ஒரே சமயத்தில் தட்டு வந்துவிடும். வார இறுதியில் காத்திருப்பு பொறுமையைச் சோதிக்கும். வார நாளில் மதியம் மூன்று மணிவாக்கில் போனால் நிம்மதியாகச் சாப்பிடலாம். வெள்ளிக்கிழமை விடுமுறை.

எம்.டி.ஆர். (மாவள்ளி டிபன் ரூம்ஸ்) பற்றி இரண்டு கருத்து உண்டு. நான் அதன் பக்கம். 1924-ல் மையா சகோதரர்கள் தொடங்கிய கடை, 1960-லிருந்து லால்பாக் சாலையில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரிசி கிடைக்காதபோது ரவையை வைத்துச் செய்து பார்த்ததுதான் ரவா இட்லி என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. முந்திரி, கடுகு, கொத்தமல்லியோடு வரும் அந்த இட்லிக்கு, குருமாபோன்ற உருளைக்கிழங்கு சாகுவும் ஒரு சிறு கிண்ணம் உருகிய நெய்யும் தருகிறார்கள். 1975 நெருக்கடி நிலையில் ஓட்டல் பண்டங்களின் விலையை அரசு கட்டுப்படுத்தியபோது, அந்த விலைக்குத் தங்கள் தரத்தைக் கொடுக்க முடியாமல் கடையை மூடும் நிலை வந்தது. பொடிகளும் மிக்ஸ்களும் பாக்கெட்டில் பெரிதாகப் போனது அதன் தொடர்ச்சிதான். தரத்தைக் குறைக்க மறுத்த இந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு அந்தக் கடை மேல் மரியாதை. மதியச் சாப்பாட்டுக்கு ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும், அவசரக்காரர்களுக்கு அது ஆகாது. லால்பாக் கடை திங்களன்று இல்லை.

விட்டுப்போனவை? புதிது புதிதாகத் திறக்கும், புத்தகம்போல மெனு தரும் ரெஸ்டாரெண்டுகள். சவுத் இந்தியன், சைனீஸ், தந்தூரி, பீட்சா எல்லாம் ஒரே சமையலறையில். அப்படி ஒன்றில் குடும்பத்தோடு சாப்பிட்டபோது வந்த பன்னீரின் நடுவில் பிரிட்ஜ் குளிர் அப்படியே இருந்தது. அதுகூடப் பரவாயில்லை, கேட்காமலே பில்லில் சர்வீஸ் சார்ஜ் ஏற்றியிருந்தார்கள். எடுக்கச் சொன்னதும் முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார்கள். 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தெளிவாகச் சொல்லிவிட்டது: சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. எடுக்க மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். டிப்ஸ் கொடுப்பது நம் விருப்பம். நன்றாகப் பரிமாறிய பையனுக்கு நான் கையில்தான் கொடுப்பேன்.

அசைவத்துக்கு மிலிட்டரி ஹோட்டல்கள். ஜெயநகர் சிவாஜி மிலிட்டரி ஹோட்டலைப் போன்ற பழைய கடைகளில் தொன்னை பிரியாணிதான் நாயகன். சின்ன மணி சீரக சம்பா அரிசி, புதினாவும் கொத்தமல்லியும் அரைத்த பச்சை வாடை, பாக்கு மட்டையில் செய்த தொன்னையின் மணம் எல்லாம் சேர்ந்து வரும். ஆம்பூரோ திண்டுக்கல்லோ பழகியவர்களுக்கு முதலில் மசாலா பற்றாததுபோல இருக்கலாம். இரண்டு மூன்று பிடி போகட்டும். பக்கத்தில் ராகி முத்தே (கேழ்வரகுக் களி உருண்டை), மட்டன் சாறு (குழம்பு). முத்தேயைக் கடிக்கக் கூடாது. கிள்ளி, சாற்றில் புரட்டி, அப்படியே விழுங்க வேண்டும். நம்ம களியைப் பழகியவர்களுக்கு இது பிரச்சினையே இல்லை. இங்கேயும் நேரம்தான் ராஜா. மதியம் ஒரு மணிக்குள் போய்விட வேண்டும். தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

ஃப்ரேசர் டவுனின் மசூதி சாலைக்கு ரம்ஜான் மாதத்தில் போகாதவர்கள் பெங்களூரின் ராத்திரியைப் பார்க்காதவர்கள். அதே சாலையில் 1902-லிருந்து இருக்கும் ஆல்பர்ட் பேக்கரி பிற்பகலில்தான் திறக்கும்; பால்கோவா வைத்த நான் ரொட்டியைச் சூடாக வாங்க வேண்டும், ஆறினால் பாதி ருசிதான்.

ஜனவரியில் வந்தால் அவரைக்காய், அதாவது நம்ம பச்சை மொச்சை. ஊரே அந்த மணத்தில் இருக்கும். வி.வி.புரம் பக்கம் அவரைபேளே மேளா போடுவார்கள். ஊறவைத்துத் தோல் நீக்கிய பருப்பில் சாறு, அக்கி (அரிசிமாவு) ரொட்டி, தோசை, உப்புமா, மிக்சர் என்று எல்லாமே செய்கிறார்கள். ஓசூர், கிருஷ்ணகிரிக்காரர்களுக்குப் பிதுக்கம்பருப்புக் குழம்பு தெரியும், அவர்களுக்கு இது வீட்டுச் சாப்பாடு. மற்றவர்கள் அவரைக்காய் அக்கி ரொட்டியில் தொடங்கலாம். சாயங்காலம் ஏழுக்கு மேல் நெரிசல் தாங்காது, நாலரைக்கே போய்விடுங்கள்.

காபியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, ஏனென்றால் மோசமான காபி கிடைப்பது இங்கே அபூர்வம். குடகும் சிக்கமகளூரும் பக்கத்திலேயே. இரண்டு பேர் போய் "பை டூ" என்றால் ஒரு காபியை இரண்டு டம்ளரில் பிரித்துத் தருவார்கள், யாரும் முகம் சுளிப்பதில்லை.

சில நடைமுறை விஷயங்கள். சில்லறையும் நோட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 2025 ஜூலையில் யு.பி.ஐ. வரவுகளை வைத்துச் சிறு கடைகளுக்கு ஜி.எஸ்.டி. நோட்டீஸ் போனபோது பலர் க்யூ.ஆர். அட்டையைக் கழற்றிவிட்டு ரொக்கம் மட்டும் என்றார்கள். வயதானவர்களைத் தர்ஷினிக்குக் கூட்டிப்போவதாக இருந்தால், நாற்காலி போட்ட பகுதி இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வரவழைப்பதானால் பிரியாணியும் காராபாத்தும் தாங்கும். மசாலா தோசை தாங்காது. டப்பாவுக்குள் ஆவி பட்டுத் துவண்டுவிடும். ராத்திரி பஸ் பிடிக்கும்போது ஐயங்கார் பேக்கரியில் நின்று போங்கள். ஹாசன் பக்கத்திலிருந்து வந்த ஹெப்பார் ஐயங்கார் குடும்பங்கள் வளர்த்த கடைகள் அவை; வீட்டில் கன்னடம் கலந்த தமிழ் பேசுகிறவர்கள். முட்டை இல்லாத பன், வெண்ணெய் பிஸ்கட், தில்பசந்து எல்லாம் இருக்கும். என் ஓட்டு காரா பன்னுக்கு. வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை உள்ளேயே சேர்த்துச் சுட்டது. சாயங்கால ஈடு வந்ததும் வாங்கினால், சேலம் தாண்டியும் மெத்தென்றுதான் இருக்கும்.