குவாக்காமோலியில் கோப்புப் பரிமாற்றம்: ஆர்டிபி பக்கம் கவனம்

பிரவுசர் வழியே தொலைவிலுள்ள கணினிகளை இயக்க உதவும் அப்பாச்சி குவாக்காமோலியில், எஸ்எஸ்ஹெச் (கட்டளை வரி) இணைப்புக்கு எஸ்எஃப்டிபி என்ற கோப்புப் பரிமாற்ற வசதியை டிக் செய்தாலே போதும், கோப்புகள் போய்வரும். விண்டோஸ் டெஸ்க்டாப்புக்கான ஆர்டிபி இணைப்பில்தான் வேலை இருக்கிறது. 'எனேபிள் டிரைவ்' டிக் செய்து, டிரைவ் பாதை தர வேண்டும். அந்தப் பாதை விண்டோஸ் கணினியில் அல்ல, குவாக்காமோலியின் பின்னணி நிரலான குவாக்டி ஓடும் சர்வரில்; டாக்கரில் ஓட்டினால், அது ஓடும் கன்டெய்னருக்குள் (தனித்த பெட்டி போன்ற சூழலுக்குள்). அங்கே குவாக்டி பயனருக்கு எழுதும் அனுமதி இல்லையென்றால் கோப்பு ஏறவே ஏறாது. பாதையில் பயனர்பெயர் டோக்கனை (உள்நுழைந்தவரின் பெயராகத் தானே மாறும் குறியை) சேர்க்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் ஒரே இணைப்பைப் பயன்படுத்துவோர் ஒருவர் கோப்பை மற்றவர் பார்ப்பார்கள். டிரைவில் உள்ள டவுன்லோட் ஃபோல்டரில் கோப்பைப் போட்டதும் பிரவுசரில் தானாக இறங்கிவிடுவது அருமை! குவாக்காமோலிக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் இருந்தால், ஏற்றும் கோப்பு 1 எம்பி தாண்டியதும் 413 (அளவு மிகப் பெரிது) பிழை வரும். என்ஜின்எக்ஸ் அமைப்பில் 'கிளையன்ட் மேக்ஸ் பாடி சைஸ்' அளவைக் கூட்டுங்கள். விஎன்சி (தொலைவிலுள்ள திரையைக் காட்டும் இன்னொரு முறை) இணைப்புக்கு எஸ்எஃப்டிபி விவரங்களைத் தனியே நிரப்ப வேண்டும்.