சுங்கை சிப்புட்டில் ஒரு காணொளித் தயாரிப்பு வகுப்பு

தொலைக்காட்சித் தயாரிப்பு நிர்வாகத்தில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர், மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் தோட்டப்புற இளைஞர்களுக்கு வார இறுதிகளில் கட்டணமின்றி நடத்தும் இந்த வகுப்பை மனமாரப் பரிந்துரைக்கிறேன். படச்சுருள் காலத்திலிருந்து, 1996இல் மலேசியத் தொலைக்காட்சி நிறுவனமான ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் ஒளிபரப்பைத் தொடங்கியதற்குப் பிந்தைய காலம் வரை அவர் பெற்ற அனுபவம் பாடத்தில் தெரிகிறது. கேமராவைத் தொடுமுன் செலவுத் திட்டத்தையும் படப்பிடிப்பு அட்டவணையையும் எழுதவைப்பதே வகுப்பின் பெரிய பலம்.

பால்மரம் (ரப்பர் மரம்) சீவிய பாட்டி ஒருவரைப் பேட்டி கண்ட மாணவியிடம் ஆசிரியர், ஒலிவாங்கியைச் சேலையில் உரசாதபடி பொருத்தவும், மின்விசிறியை நிறுத்தவும், பதில் முடிந்த பின்னும் சில விநாடிகள் பதிவைத் தொடரவும் சொன்னார். அந்த இடைவெளியில்தான் பாட்டி லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) வாழ்க்கையை மனம்விட்டுப் பேசினார். படத்தொகுப்புக்கு ஒதுக்கும் நேரம் போதவில்லை, கணினிகளும் குறைவு. ஆயினும், பெற்றோர் பிள்ளைகளைத் தயங்காமல் அனுப்பலாம்.