கிலோக் கணக்கில் மண்புழு வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

மட்டக்களப்பு, கல்லடி மணலில் வீட்டுத்தோட்டம் வைத்தவர்களுக்குத் தெரியும், காலையில் ஊற்றின தண்ணீர் பத்து மணிக்கு இருக்காது. பசளைக்கும் அதே கதிதான். 2021இல் இலங்கையில் இரசாயனப் பசளைக்குத் தடை போட்டு, அந்த வருடக் கடைசியிலேயே எடுத்தும் விட்டார்கள். அப்போது எனக்குத் தொற்றின சேதனப் பசளைப் பைத்தியம் மட்டும் இன்னும் போகவில்லை. அதில்தான் 6,500 ரூபாவைத் தொலைத்தேன்.

மண்புழு உரம் செய்ய ஒரு கிலோ புழு, தொட்டி, சாணிப் படுக்கை எல்லாம் வீடு தேடி வரும் என்று ஃபேஸ்புக்கில் விளம்பரம். ஆட்டோவில் வந்தது. தொட்டியின் அடியில் ஒரு துளைகூட இல்லை. கேட்டால், "நீங்களே ஆணியக் காய்ச்சிப் போடுங்க அண்ண" என்றான் கொண்டுவந்த பொடியன். அங்கேயே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும்.

புழுப் பையைச் சாக்கில் கொட்டினேன். முக்கால்வாசி ஈரச் சேறு. எண்ணிப் பார்த்தேன், 130 சொச்சம் புழு. பென்சில் நீளம், வெளிறின உடம்பு, தொட்டால் சோம்பலாக நெளிந்தன. பெரிய புழு, நல்ல இனம் போல என்று சந்தோஷப்பட்டேன், மடையன்.

மறுநாள் விடிய, சீமெந்துத் தரை முழுக்கக் காய்ந்த புழுவும் எறும்பும். சாணிக்குள் கையை விட்டால் சுட்டது. அன்றன்று அள்ளின பச்சைச் சாணி! அழுகும்போது சூடேறும், இரண்டு கிழமையாவது ஆறவிட்ட பிறகுதான் புழுவை விடலாம். விற்றவருக்கு ஃபோன் எடுத்தேன். "தண்ணி கூட விட்டிருப்பீங்க" என்றார். அப்புறம் என் நம்பரையே எடுக்கவில்லை.

பாலத்தடியில் தூண்டில் போடுகிற பக்கத்து வீட்டு மாமா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இது நாம கொழுவுற வரம்புப் புழுவெல்லுவா!"

விஷயம் அதுதான். வயல் வரம்பில் தோண்டுகிற நாக்கிளிப் புழு மண்ணுக்குள் வளை போட்டு வாழ்வது. தொட்டியில் நிற்காது, ஓடத்தான் பார்க்கும். உரத்துக்கு வேண்டியது, மேலே கிடக்கும் மக்கின குப்பையையும் சாணியையும் தின்று அங்கேயே பெருகும் இனம். ஐசீனியா ஃபெட்டிடா என்கிற செம்புழு அப்படி: மெல்லிசு, செந்நிறம், உடம்பில் வரிவரியாக இருக்கும், தொட்டால் துள்ளி நெளியும். விளம்பரப் படத்தில் இருந்ததும் அதுதான். வந்ததுதான் வேறு.

வாங்கத்தான் வேண்டுமென்றால் நேரில் போய், அவர்களுடைய தொட்டியைக் கிளறிக் காட்டச் சொல்லுங்கள். தேயிலைத்தூள் மாதிரிக் கறுத்த உரமும், கடுகளவில் புழு முட்டைக் கூடுகளும், குஞ்சுப் புழுக்களும் இருந்தால் உண்மையாகவே வளர்க்கிறார்கள். மண்ணோடு சேர்த்து நிறுத்தால் வாங்க வேண்டாம்.

நான் பிறகு செங்கலடிப் பக்கம் ஒரு மாட்டுப்பட்டியில், பழைய சாணிக் குவியலின் அடியிலிருந்து இரண்டு கை புழு அள்ளிக்கொண்டு வந்தேன். காசே கேட்கவில்லை. வாழைத்தடலும் வைக்கோலும் போட்டு நிழலில் வைத்திருக்கிறேன், இன்னும் ஒன்றுகூட வெளியே வரவில்லை.

நேற்றும் அதே விளம்பரம் கண்ணில் பட்டது. இப்போது விலை 7,500.