பெட்டி அசல், உள்ளே இருந்தது வேறு: 2,40,000 ரூபாய்க்கு டவர் ஸ்பீக்கர் வாங்கிய கதை

பழைய ஹை-எண்ட் ஸ்பீக்கர் வாங்கலாம் என்று யாராவது யோசித்துக்கொண்டிருந்தால், பணத்தை எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஆள் பேரையும் கடைப் பேரையும் போடவில்லை. வழக்கு நடக்கிறது, பேர் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். பேர் இல்லாமலேயே விஷயம் புரியும்.

நான் கும்பகோணத்துக்குப் பக்கம், அரசலாற்றங்கரை ஊர். 36 வருஷம் கூட்டுறவு வங்கியில் கணக்கு பார்த்தவன். கையெழுத்தில் ஒரு சுழி மாறியிருந்தாலும் செக்கைத் திருப்பி அனுப்பிய ஆள். "அப்பேர்ப்பட்டவரு எப்படிங்க ஏமாந்தீங்க?" என்று என் மனைவி இன்னமும் கேட்கிறாள்.

ஆசைதான் காரணம். எங்கள் தெருவில் சாமி புறப்பாடு வரும்போது திண்ணையில் உட்கார்ந்து பத்தடி தூரத்தில் நாதஸ்வரமும் தவிலும் கேட்டு வளர்ந்த காது இது. தவிலில் கூடு மாட்டிய விரல் வலந்தலை என்கிற வலது பக்கத்தில் விழுவது காதுக்குக் கேட்கும். தொப்பி என்கிற இடது பக்கத்தில் கழி விழுவது நெஞ்சுக்குத்தான் வரும். டேப் ரிக்கார்டரில் ஆரம்பித்து எத்தனையோ வாங்கிப் பார்த்துவிட்டேன், அந்த இரண்டாவது சத்தம் மட்டும் வீட்டுக்கு வந்ததே இல்லை. சின்ன ஸ்பீக்கரால் முடியாது. அவ்வளவு கீழான ஒலிக்கு நிறையக் காற்றைத் தள்ள வேண்டும், அதற்குப் பெரிய கோனும் (ஸ்பீக்கரில் முன்னும் பின்னும் அசையும் வட்டம்) பெரிய பெட்டியும் வேண்டும். ரிட்டயர்மென்ட் பணம் வந்ததும் முதலில் ஞாபகம் வந்தது இதுதான்.

புதுசு 6 லட்சத்துக்கு மேல். பழசு என்றால் பாதிக்கும் கீழே. இங்கிலாந்துக் கம்பெனி ஒன்றின் டவர் ஸ்பீக்கர் (தரையில் நிற்கும் உயரமான பெட்டி) ஜோடி, ஒரு ஆள் உபயோகித்தது, 'கண்டிஷன் சூப்பர்' என்று பெருநகரத்தில் இருக்கும் ஒரு கடைக்காரர் படம் போட்டிருந்தார். போனில் பேசினால் அவ்வளவு மரியாதை. சரி, நேரில் கேட்டுவிடலாம் என்று ராத்திரி ரயிலைப் பிடித்துப் போனேன்.

அந்த டெமோ அறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏசி, கனமான திரை, தரை முழுக்கக் கம்பளம். நடுவில் ஒரே ஒரு சோபா. அதற்குப் பின்னால் மூலையில் துணி போர்த்திய ஸ்டூல் மாதிரி ஒன்று, அதன் மேல் மணிபிளான்ட் தொட்டி. நான் கொண்டுபோன தவில் தனி ஆவர்த்தனப் பதிவைப் போட்டார்கள். தொப்பி விழுந்தது பாருங்கள், சட்டைப் பொத்தான் அதிர்ந்தது. திரும்பிப் பார்த்தால் மணிபிளான்ட் இலை ஒவ்வொரு அடிக்கும் துடிக்கிறது. "தம்பி, செடியே தாளம் போடுதே!" என்று நான் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

அவர் ஏன் சிரித்தார் என்பது ஏழு மாதம் கழித்துத்தான் உறைத்தது. அது ஸ்டூல் இல்லை, சப்வூஃபர், கீழ் ஒலிக்கென்றே இருக்கும் தனி ஸ்பீக்கர். நான் ரசித்த தொப்பிச் சத்தத்தில் பாதிக்கு மேல் நான் விலை பேசாத பெட்டியிலிருந்து வந்திருக்கிறது.

பேரம் பேசி 2,40,000-க்கு முடிந்தது. 50,000 யூ.பி.ஐ.யில், அதுவும் கடைக் கணக்குக்கு இல்லை, அவருடைய சொந்த நம்பருக்கு. மீதி 1,90,000 ரொக்கம். ஒரே வியாபாரத்தில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது வருமான வரிச் சட்டம். அதைத் தெரிந்துகொண்டு சரியாகப் பத்தாயிரம் கீழே நிறுத்திய ஆள். பேங்க்காரன் எனக்கு அங்கேயே பொறி தட்டியிருக்க வேண்டும். மணிபிளான்ட் ஆடிக்கொண்டிருந்தது, தட்டவில்லை.

பத்து நாளில் லாரி பார்சலில் வந்தது. ஒவ்வொரு பெட்டியும் இடுப்புக்கு மேல் உயரம், 28 கிலோ. கூடத்தில் சிவப்பு சிமெண்ட் தரையில் ஸ்பைக் (பெட்டியின் அடியில் உள்ள கூர்முனை) கீறக்கூடாது என்று அடியில் நாணயம் வைத்து நிறுத்தினோம். அதே தவில் தனியைப் போட்டேன். வலந்தலை கணீர் என்று இருந்தது. தொப்பி அட்டைப்பெட்டியைத் தட்டுவது போல இருந்தது.

போன் போட்டேன். "பர்ன்-இன் ஆகணும் சார், 200 மணி நேரம் ஓடட்டும்" என்றார். புது ஸ்பீக்கரை ஓடவிட்டுப் பழக்குவதுதான் பர்ன்-இன். பல வருஷம் ஓடிய ஸ்பீக்கருக்கு இனிமேல் என்ன பர்ன்-இன் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. தினமும் எட்டு மணி நேரம் ஓடவிட்டேன், வீட்டில் யாரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. 200 மணி முடிந்ததும் மறுபடி போன். இந்த முறை கேபிள் சரியில்லையாம். சாரைப்பாம்பு மொத்தத்துக்கு ஒரு ஜோடி கேபிள் 18,000 ரூபாய்க்கு அனுப்பினார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதையும் வாங்கினேன். அப்புறம் எங்கள் ஊர் கரண்டில் வோல்டேஜ் ஏற்ற இறக்கமாம். அப்புறம் பழைய வீட்டுக் கூடத்தில் எதிரொலியாம். ஐப்பசி மழை பிடித்ததும் "டெல்டா ஈரக்காத்து சார், அதுக்கு நாங்க என்ன பண்ண முடியும்?" கடைசியில் என் வயசைக் கேட்டார். காதைச் சோதித்துக்கொள்ளச் சொல்கிறார் என்பது போனை வைத்த பிறகுதான் புரிந்தது.

இதில் எதுவும் முழுப்பொய் இல்லை என்பதுதான் கெட்டிக்காரத்தனம். கூடம் எதிரொலிக்கும், உண்மைதான். வோல்டேஜும் ஆடும்தான். எதைச் சொன்னாலும் நம் பக்கத்தில் ஒரு குறை இருக்கும் இல்லையா, அதைப் பிடித்துக்கொண்டு மாசக்கணக்கில் நகர்த்திவிடுகிறார்கள். திருப்பித் தருவதற்குச் சொன்ன 30 நாள் அந்த 200 மணி நேரத்திலேயே கரைந்துவிட்டது.

கார்த்திகையில் வலது பெட்டியிலிருந்து கரகர சத்தம். எங்கள் ஊரில் கோயில் திருவிழாவுக்கு மைக்செட் போடும் பையன் ஒருவன் இருக்கிறான். அப்பா காலத்து ரேடியோ ரிப்பேர் கடையை இப்போது அவன்தான் பார்க்கிறான். அவனைக் கூப்பிட்டேன். இவ்வளவு விலை ஸ்பீக்கரில் இவனைக் கை வைக்க விடுவதா என்று அதுவரை தயங்கியிருந்தேன், அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

பிரிப்பதற்கு முன் அவன் செய்தது ஒரே காரியம். டார்ச் லைட்டிலிருந்து 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை எடுத்து, இரண்டு துண்டு வயர் வைத்து, பெட்டியின் பின்னால் சிவப்பு, கறுப்பு முனைகளில் ஒரு நொடி தொட்டான். "முன்னாடி பாருங்கண்ணே" என்றான். இடது பெட்டியில் இரண்டு வூஃபரும் (கீழ் ஒலி கொடுக்கும் பெரிய கோன்கள்) 'டக்' என்று வெளியே வந்து உள்ளே போயின. வலது பெட்டியில் மேலே உள்ளது வெளியே வந்தது, கீழே உள்ளது உள்ளே போனது.

"அண்ணே, ஒண்ணு தள்ளுது, ஒண்ணு இழுக்குது. காத்து எப்படி நகரும்?"

பெட்டிக்குள்ளேயே ஒரு வூஃபருக்கு வயரை மாற்றிச் சாலிடர் வைத்திருக்கிறார்கள். ஒரே வேலையைச் செய்ய வேண்டிய இரண்டு கோன் எதிரெதிராக ஆடினால் கீழ் ஒலி ஒன்றையொன்று தின்றுவிடும். 200 மணி நேரமும் 18,000 ரூபாய் கேபிளும் பேட்டரி தொட்ட அந்த ஒரு நொடியில் போயின.

பையன் வூஃபரைக் கழற்றினான். எட்டு ஆலன் போல்ட்டில் ஒன்று மட்டும் சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ. அதைப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினான். வெளியே எடுத்துக் கவிழ்த்தால், காந்தத்தின் முதுகில் லேபிளைச் சுரண்டிய பசைத் தடம். கோனைச் சுற்றியுள்ள விளிம்பை விரலால் தொட்டான். நமுத்த முறுக்கு மாதிரி உதிர்ந்தது. ஃபோம். கம்பெனியின் பழைய கையேட்டில் அந்த மாடலுக்கு ரப்பர் விளிம்பு என்று போட்டிருக்கிறது. ரப்பர் பல பத்தாண்டு தாங்கும். ஃபோம் ஈரத்திலும் வெயிலிலும் இற்றுப்போகும், நம் பக்கத்து அடைமழை அதற்கு எமன். ஈரக்காத்து என்று அவர் சொன்னதிலும் இப்படி ஒரு துளி உண்மை இருந்திருக்கிறது.

"இது அந்தக் கம்பெனி வூஃபர் இல்லண்ணே. ஹோம் தியேட்டர் பாக்ஸ்ல போடுறது. நம்ம கடையிலயே எழுநூறு, எண்ணூறுக்குக் கிடைக்கும்."

நாலு வூஃபரும் அதே கதைதான். பெட்டியும், மேல் ஒலி கொடுக்கும் சின்ன ட்வீட்டரும் அசல். நான் என்ன சொல்வது, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகுதான் பேங்க்காரன் விழித்தான். பின்பக்க சீரியல் நம்பரைப் படமெடுத்துக் கம்பெனிக்கு மின்னஞ்சல் போட்டேன். நாலு நாளில் பதில் வந்தது: இரண்டும் ஒரே ஜோடி இல்லை, வேறு வேறு வருஷத்தில் வெளிவந்தவை. பில்லை எடுத்துப் பார்த்தேன். ஜி.எஸ்.டி. எண் 15 இடம் இருக்க வேண்டும், தமிழ்நாடு என்றால் 33 என்று தொடங்கும். இவர் பில்லில் 33 சரியாக இருந்தது. எண்ணினால் 14 இடம்தான். நான் வேலையில் இருந்தபோது இப்படி ஒரு தாள் கவுண்டருக்கு வந்திருந்தால் மேனேஜர் வரை போயிருக்கும்.

நேரில் போய்ச் சண்டை போடவில்லை, வயசில்லை. வாட்ஸ்அப்பில் எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். இரண்டு நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. 1915-க்குக் கூப்பிட்டு தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்தேன். அதற்குக் கடைக்காரர் சொன்ன பதில்தான் உச்சம்: இது கடை வியாபாரமே இல்லையாம், தனிப்பட்ட முறையில் விற்ற பழைய பொருளாம். அவர் ஏன் சொந்த நம்பருக்குப் பணம் போடச் சொன்னார் என்பது அப்போது விளங்கியது. தொழிலாக விற்பவர் மேல்தான் நுகர்வோர் வழக்கு நிற்கும். நல்லவேளை, அந்த 14 இட பில்லில் கடைப் பேர் அச்சாகி இருக்கிறது. பொய் பில் எனக்கு உபயோகமாகிவிட்டது.

தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போட்டிருக்கிறேன். கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. 2 வருஷத்துக்குள் போட வேண்டும். 2025 ஜனவரியிலிருந்து இ-ஜாக்ரிதி என்கிற அரசு இணையதளத்திலேயே தாக்கல் செய்யலாம். வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றில்லை, எனக்குத் தெரிந்தவர் ஒருவர் இருந்ததால் வைத்தேன்.

எல்லாருக்கும் இப்படித்தான் நடக்கும் என்று சொல்லவில்லை. திருவாரூரில் என் நண்பர் ஒருவர் 12 வருஷமாக ஒரு ஜோடி டவர் வைத்திருக்கிறார். பழசாக வாங்கியதுதான், கேட்டால் கண்ணில் நீர் வரும். மன்னார்குடி டாக்டர் ஒருவருக்கு இரண்டு ட்வீட்டரும் எரிந்தன. அதில் விற்றவர் மேல் தப்பில்லை. 4 ஓம் (மின்தடையின் அளவு) ஸ்பீக்கருக்குச் சின்ன ஆம்ப்ளிஃபயரைக் கொடுத்து முழு வால்யூமில் வைத்தால் ஆம்ப் திணறி ஒலியின் தலையை வெட்டும், அந்த வெட்டுப்பட்ட ஒலி ட்வீட்டரைப் பொசுக்கிவிடும்.

வாங்கப் போகிறவர்கள் அறையில் வேறு என்னென்ன ஓடுகிறது என்று கேட்டு எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லுங்கள். துணி போர்த்தியது எதுவானாலும் துணியை எடுத்துப் பாருங்கள். ஒரு பேட்டரி, இரண்டு வயர், மின்தடையை அளக்க ஒரு மல்டிமீட்டர் கையில் இருக்கட்டும். 8 ஓம் வூஃபர் ஒன்றைத் தனியாக அளந்தால் மீட்டரில் ஏறக்குறைய 6 காட்டும், அது சரிதான், பயப்பட வேண்டாம். ஒரே மாதிரி வூஃபர்கள் தங்களுக்குள் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். முக்கியமாக ஒரு வூஃபரையாவது கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். "வாரன்டி போயிடும் சார்" என்று சொன்னால், பழைய பொருளுக்கு எந்த வாரன்டி என்று கேளுங்கள். கழற்ற மாட்டேன் என்றால் அடுத்த ரயிலில் ஊருக்கு வந்துவிடுங்கள். பணம் கடைக் கணக்குக்கு மட்டும். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள்.

பையன் நாலு ரப்பர் விளிம்பு வூஃபர் தேடிப் போட்டுத் தருகிறேன் என்கிறான். வக்கீல் விடமாட்டேன் என்கிறார். ஆணையம் தேவைப்பட்டால் பொருளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பும், அதுவரை கழற்றியதை அப்படியே மாட்டிவைக்கச் சொல்லிவிட்டார். அதனால் இரண்டும் கூடத்தில் பழைய போர்வைக்குள் நிற்கின்றன. மனைவி ஒன்றின் மேல் வெற்றிலைப்பெட்டி வைக்க ஆரம்பித்துவிட்டாள்.

அடுத்த வாய்தா பங்குனியில். தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை பக்கம் யாராவது பழைய டவர் பார்க்கப் போவதாக இருந்தால் சொல்லுங்கள், பேட்டரியோடு நானும் வருகிறேன். பஸ் டிக்கெட் என் செலவு, காபி மட்டும் நீங்கள் வாங்கிக்கொடுத்தால் போதும்.