பைக்காரரின் விபத்துச் செலவை யார் கட்டுவது? நியூசிலாந்து லெவிச் சண்டையில் ஐந்து வழிகள்

நியூசிலாந்தில் சாலையில் அடிபட்டவரிடம் ‘தப்பு யார் மேல்?’ என்று கேட்டுவிட்டு உதவுவதில்லை. 1974 ஏப்ரல் 1 முதல் அங்கே ஏசிசி என்ற அரசு விபத்து இழப்பீட்டுக் கழகம் இயங்குகிறது. சிகிச்சை, மறுவாழ்வு, வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு வருமானத்தில் 80 சதவீதம் எல்லாம் அதன் பொறுப்பு. பதிலுக்கு, காயப்படுத்தியவர் மேல் நஷ்டஈடு வழக்குப் போடும் உரிமையை மக்கள் விட்டுக்கொடுத்தார்கள்.

சாலை விபத்துகளுக்கான பணம் வண்டிக்காரர்களிடமிருந்து இரண்டு வழியில் வருகிறது. ஒன்று, வருடாந்திர வாகன லைசென்ஸோடு கட்டும் லெவி, அதாவது கட்டாயக் கட்டணம். இன்னொன்று, பெட்ரோலில் லிட்டருக்குச் சில சென்ட். 2009-ல் ஏசிசி 480 கோடி டாலர் பற்றாக்குறையைக் காட்டியது. 600 சிசிக்கு மேற்பட்ட பைக்கின் லெவியைச் சுமார் 253 டாலரிலிருந்து 746 டாலராக ஏற்றும் யோசனையும் வந்தது. அந்த நவம்பர் 17 அன்று ஆயிரக்கணக்கான பைக்காரர்கள் வெலிங்டன் நாடாளுமன்றத்தின் முன் திரண்டார்கள். அரசு கொஞ்சம் இறங்கி வந்தது. ஆனாலும் 2010 ஜூலை முதல் அதே பைக்குக்குச் சுமார் 427 டாலர் ஆனது. அதற்கு மேல் பைக் பாதுகாப்புக்கென்று 30 டாலர் தனி லெவி.

கோபம் இருக்கட்டும். அதற்கு மாற்று என்ன என்பதுதான் முக்கியம். இருக்கிற வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்போம்.

முதல் வழி இப்போது நடப்பில் இருப்பது: வண்டிக்கு இவ்வளவு, சிசி கூடினால் இன்னும் கொஞ்சம். இதன் பின்னால் இருக்கும் நியாயத்தைத் தள்ளிவிட முடியாது. ஒரே தூரம் ஓடினாலும் காரில் போகிறவரைவிட பைக்கில் போகிறவருக்குப் பலத்த அடி விழும் வாய்ப்பு பல மடங்கு. முதுகுத்தண்டு அடிபட்டால் செலவு ஆயுள் முழுக்க. மொத்த வண்டிகளில் பைக்குகளின் பங்கு சிறியது, ஏசிசியின் சாலை விபத்துச் செலவில் அவற்றின் பங்கு பெரியது. ஏறிய பிறகும்கூட, பைக்காரர்கள் கட்டும் லெவி அவர்களின் காயச் செலவுக்குப் போதாது. மிச்சத்தைக் கார்காரர்கள்தான் கட்டுகிறார்கள். அரசு திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். அது உண்மையும்கூட.

ஆனால் ஆபத்தை அளக்க சிசி சரியான அளவுகோல்தானா? யமஹா ஆர்6 599 சிசி. பந்தயத் தடத்துக்கென்றே பிறந்த வண்டி. அது குறைந்த பிரிவில் வருகிறது. ஹார்லியின் 883 சிசி ஸ்போர்ட்ஸ்டருக்கு அதில் பாதி குதிரைசக்திகூட இல்லை. அது கூடுதல் பிரிவில் வருகிறது. இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. புதிதாக ஓட்டப் பழகுபவர்களுக்கு 250 சிசிதான் எல்லை என்ற பழைய விதியை நியூசிலாந்தே 2012 அக்டோபரில் கைவிட்டது. எடைக்கும் ஆற்றலுக்குமான விகிதத்தைப் பார்த்து, 660 சிசி வரை சாதுவான வண்டிகளைப் பழகுநர்களுக்கு அனுமதித்தது. அதன் பிறகும் லெவி சிசியைத்தான் பார்த்தது. விளைவு: பழகுநருக்கென்றே ஆற்றலைக் குறைத்து விற்கும் 650 சிசி வண்டிக்காரர், ஆர்6 ஓட்டுபவரைவிட அதிகம் கட்ட வேண்டும். லைசென்ஸ் கொடுக்கும்போது சிசி உதவாது என்று ஒப்புக்கொண்ட அரசு, காசு வாங்கும்போது மட்டும் அதைப் பிடித்துக்கொண்டது ஏன்?

இதைவிட ஆழமான குறை, யாருடைய காயம் யார் கணக்கில் ஏறுகிறது என்பது. சந்திப்பில் வழிவிடாமல் திரும்பிய கார் ஒரு பைக்காரரின் காலை முறித்தால், அந்தச் செலவு பைக் பிரிவின் பெயரில் ஏறும். ஏனென்றால் அடிபட்டவர் பைக்கில் வந்தவர். கொடுக்கும்போது ‘தப்பு யார் மேல் என்று பார்க்க மாட்டோம்’ என்கிற திட்டம், வசூலிக்கும்போது அடிபட்ட கூட்டத்தையே கைகாட்டுகிறது. பைக்காரர்களின் எதிர்ப்பில் எனக்கு மிக வலுவாகத் தெரிவது இதுதான்.

இரண்டாவது வழி, தப்பு செய்தவரைக் கட்ட வைப்பது. அதாவது திட்டத்தைக் கலைத்துவிட்டு, தனியார் காப்பீடும் நீதிமன்றமும் என்று திரும்பிப் போவது. லெவிக் கோபத்தில் இதைச் சொல்பவர்கள் உண்டு. நான் இதை ஏற்கவே மாட்டேன். தனியாகச் சறுக்கி விழுந்தவருக்கு அங்கே யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். மற்றவர் தப்பு என்று நிரூபிக்க வேண்டியவர் வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டும். பைக்காரருக்குத்தான் இதில் நஷ்டம் அதிகம்.

மூன்றாவது வழி பெட்ரோல். ஓட்டுகிற அளவுக்குக் கட்டு என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வாரக் கடைசியில் மட்டும் வண்டியை வெளியே எடுப்பவருக்கு இது நியாயம் செய்யும். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் இடிக்கிறது. ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர், 100 கிலோமீட்டருக்கு 5 லிட்டர் என்றால் மொத்தம் 300 லிட்டர். பல ஆண்டுகளாக இருந்த 6 சென்ட் விகிதத்தில் இது வெறும் 18 டாலர். பைக்காரரிடம் 400 டாலரைப் பெட்ரோலிலேயே பிடிக்க வேண்டுமானால் லிட்டருக்கு ஒரு டாலர் முப்பது சென்டுக்கு மேல் போட வேண்டும். பங்க்கில் பைக்குக்குத் தனி விலை போட முடியாது. ஆக, பெட்ரோலுக்கு மாற்றினால் பெரும்பாரம் தானாகவே கார்களுக்குப் போய்விடும். டீசல் வண்டிகள் இதில் வரவே வராது. அவற்றுக்கு இப்போதே வேறு கணக்கு.

அப்படிச் சுற்றி வளைப்பதற்குப் பதில் நேராகவே பகிர்ந்துகொள்வது நான்காவது வழி. எல்லா வண்டிக்கும் ஏறக்குறைய ஒரே லெவி. திட்டத்துக்கு அடித்தளம் போட்ட 1967-ம் ஆண்டு வுட்ஹவுஸ் அறிக்கை சொன்ன முதல் கொள்கையே சமூகம் முழுவதன் பொறுப்பு என்பதுதான். ரக்பி ஆடி முழங்காலை உடைத்துக்கொள்பவரிடம் ரக்பி லெவி வாங்குவதில்லை. சாலைக்குள்ளேயே உதாரணம் வேண்டுமானால், 2015-ல் கார்களை அவற்றின் பாதுகாப்புத் தரப்படி பிரித்து வேறுவேறு லெவி போட்டார்கள். பழைய, மலிவான கார் வைத்திருப்பவர்தான் அதிகம் கட்ட வேண்டியிருக்கிறது என்ற குறை எழுந்தது. 2019-ல் அதை எடுத்துவிட்டார்கள். கார்காரர்களுக்குள் பகிர்வது சரி என்றால் பைக்காரரை மட்டும் ஏன் வெளியே நிறுத்த வேண்டும்?

இதற்கு எதிர்வாதம் உண்டு. ஆபத்தின் விலை தெரியாவிட்டால் ஆபத்தான வண்டியை எல்லோரும் வாங்குவார்கள் என்பார்கள். காலும் முதுகும் போகும் என்று தெரிந்தும் ஓட்டுபவரை 400 டாலர் தடுக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அது செய்வதெல்லாம், கார் வாங்க வசதியில்லாமல் ஸ்கூட்டரிலும் சின்ன பைக்கிலும் வேலைக்குப் போகிறவரின் பையைக் காலி செய்வதுதான். 2009 கணக்கில் இன்னொன்றும் கலந்திருந்தது. அந்தந்த ஆண்டுச் செலவை அந்தந்த ஆண்டே வசூலிக்கும் முறை மாறியபோது, 1999-க்கு முந்தைய காயங்களின் பாக்கியும் லெவியில் ஏறியது. அந்த விபத்துகள் நடந்தபோது பைக்கே ஓட்டாதவர்களும் அதைச் சேர்த்துக் கட்டினார்கள்.

ஐந்தாவது வழி, வண்டிக்குப் போடாமல் ஓட்டுநருக்குப் போடுவது. 2009 யோசனைப்படி 1000 சிசி வண்டி ஒன்றும் 400 சிசி வண்டி ஒன்றும் வைத்திருப்பவர் 746-ம் 511-ம் சேர்த்து 1,257 டாலர் கட்ட வேண்டும். அவர் ஒரு நேரத்தில் ஒரு வண்டியில்தானே உட்கார முடியும்? அதனால்தான் பலர் குளிர்காலத்தில் வண்டியின் லைசென்ஸை ‘ஹோல்டில்’, அதாவது தற்காலிக நிறுத்தத்தில், போட்டுவிடுகிறார்கள். அந்த மாதங்களில் ஏசிசிக்கு எதுவும் வருவதில்லை. ஓட்டுநரைப் பார்த்து வசூலித்தால் பயிற்சியையும் கணக்கில் எடுக்கலாம். ரைட் ஃபாரெவர் என்ற பைக் ஓட்டும் பயிற்சியை முடித்தவர்களுக்கு லெவியில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாட்டை ஏசிசியே கொண்டுவந்தது. லெவி விஷயத்தில் அது செய்த உருப்படியான காரியம் அது என்பேன்.

என் வாக்கு நான்காவதற்கு. அடிப்படை லெவி எல்லா வண்டிக்கும் ஒன்றாக இருக்கட்டும். அப்புறமும் பைக்காரரிடம் கூடுதலாக ஏதாவது வாங்கியே தீர வேண்டும் என்றால், அது ஐந்தாவது வழியில் வரட்டும். இதில் நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. அங்கே ஓட்டுநர் உரிமத்தைப் பத்து ஆண்டுக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கிறார்கள், ஆண்டுதோறும் அதில் பணம் வாங்க வழியில்லை. அதற்குப் பதிலாக, முதல் பைக்குக்கு முழுத் தொகை, அதே பெயரில் உள்ள மற்ற பைக்குகளுக்குப் பெயரளவில் ஒரு தொகை என்று வைக்கலாம். வேறொருவர் பெயரில் பதியும் தந்திரத்தை முழுக்கத் தடுக்க முடியாதுதான். ஆனாலும் ஹோல்டில் தூங்கும் வண்டிகளில் பாதியாவது சாலைக்கும் கணக்குக்கும் திரும்பி வரும்.