மென்பொருள் நிரலுக்குக் கிளை அமைத்துத் தருகிறோம் என்று வருபவர்களிடம் கவனம்: 6,800 சிங்கப்பூர் வெள்ளி போய்விட்டது

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் மரியாதையாக எழுதத் தொடங்கிவிடுவேன், அந்த மரியாதைக்கு அவர்கள் தகுதியானவர்கள் அல்லர்.

சிங்கப்பூரின் உபி வட்டாரத்தில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனம் நடத்துகிறேன். மொத்த வியாபாரிகளுக்கு ஆர்டர், பில், லாரி டெலிவரி ஆகியவற்றைக் கவனிக்கும் இணைய மென்பொருள் எங்களுடையது. 2011-இலிருந்து எங்கள் மூலநிரல் முழுவதும் சப்வெர்ஷனில் இருந்தது; நிரலில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற வரலாற்றைக் காக்கும் கருவி அது. எல்லாரும் டிரங்க் என்ற ஒரே பொதுப் பிரதியில்தான் கமிட் செய்வோம், அதாவது மாற்றங்களைப் பதிவோம். வெளியீட்டு நாளில் யாருடைய அரைகுறை வேலையாவது வாடிக்கையாளரிடம் போய்ச் சேரும். அதே வேலையைச் செய்யும் கிட் என்ற கருவிக்கு மாறி, ஒவ்வொரு வேலையையும் தனியாகச் செய்து பிறகு சேர்க்க உதவும் கிளைகளை ஒழுங்காக அமைத்துக்கொள்ள வேண்டும் என்று குழுவினர் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். புதிய வேலைகளின் நெருக்கடியில் எங்களுக்கு நேரமில்லை. வெளியிலிருந்து ஒரு ஆலோசனை நிறுவனத்தை அழைத்தோம். பெயரை எழுதப்போவதில்லை. மென்பொருள் குழுக்களின் வேலைமுறையைச் சீரமைத்துத் தருவதாக விளம்பரம் செய்யும் வகை. பளபளப்பான இணையத்தளம், அதில் சிரித்த முகங்கள். கட்டணம் 6,800 வெள்ளி.

பேச வந்தவர் தமிழர். அதற்காக நம்பவில்லை, அவருடைய வேலையைப் பார்த்துத்தான் நம்பினோம். அன்று எங்கள் குழுவில் இரண்டு பேர் ஒரே கோப்பை மாற்றிவிட்டு, இரண்டையும் ஒன்றுசேர்க்க முடியாத மெர்ஜ் மோதலில் காலையிலிருந்து தவித்துக்கொண்டிருந்தார்கள். கேட்காமலே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். இருவருடைய மாற்றங்களையும், இருவரும் பிரிந்து போன பொதுக் கமிட்டையும் திரையில் அருகருகே வைத்தார். "யார் சரி என்று பார்க்காதீர்கள் தம்பி, எங்கே பிரிந்தீர்கள் என்று பாருங்கள்" என்று சொல்லிக்கொண்டே, வாங்கி வைத்த கோப்பி ஆறுவதற்குள் சிக்கலைப் பிரித்துவிட்டார். எங்கள் பையன்கள் முகத்தில் அவ்வளவு நிம்மதி. பிறகு வெள்ளைப் பலகையில் வண்ண வண்ணமாகக் கோடுகள் போட்டார். வெளியாகும் நிரலுக்கு மெயின், நடக்கும் வேலைக்கு டெவலப், வெளியீட்டுத் தயாரிப்புக்கு ரிலீஸ், அவசரத் திருத்தத்துக்கு ஹாட்ஃபிக்ஸ், புதிய வசதிக்கு ஃபீச்சர் என்று ஐந்து கிளைகள். "பழைய வரலாற்றில் ஒரு வரிகூடப் போகாது அண்ணே. நிரல் சேமிப்புத் தளத்தின் கணக்கும் உங்கள் பெயரில்தான் இருக்கும்" என்றார். பாதிப் பணத்தை முன்பணமாகத் தருகிறேன் என்றேன். முழுவதும் கட்டினால்தான் அடுத்த வாரமே ஆள் ஒதுக்க முடியுமாம். அன்று மாலையே பேநவ் வங்கிப் பரிமாற்றம் வழியாக 6,800 வெள்ளி போனது.

அதன் பிறகு அந்த மனிதரை நான் பார்க்கவில்லை. வேலையை வேறு யாரோ எங்கிருந்தோ செய்தார்கள். "முடிந்தது, பழைய சர்வரை நிறுத்திவிடலாம், வாடகை மிச்சம்" என்று மின்னஞ்சல் வந்தது. நிறுத்திவிட்டோம்.

பாய லேபாரில் இருக்கும் ஒரு வாடிக்கையாளர், தள்ளுபடிக் கணக்கு ஏன் இப்படி வருகிறது என்று கேட்டார். அந்த விதியை யார், எப்போது, யார் சொல்லி எழுதினார்கள் என்று பார்க்க 'கிட் பிளேம்' கட்டளையை ஓட்டினோம். எல்லா வரிகளிலும் ஒரே பெயர், ஒரே தேதி, ஒரே நிமிடம். அந்தப் பெயர் எங்கள் ஊழியர் எவருடையதும் அல்ல, அவர்களுடைய ஆளுடையது. கமிட்களின் பட்டியலான 'கிட் லாக்' பார்த்தால் இருப்பது ஒரே கமிட், "முதல் கமிட்" என்ற குறிப்போடு. அன்றைய தேதியில் இருந்த கோப்புகளை மட்டும் அள்ளிப் போட்டு மூடியிருக்கிறார்கள். 2011-இலிருந்து எங்கள் ஆட்கள் எழுதிய காரணங்கள், திருத்தங்கள், சண்டைகள் எல்லாம் காணோம். ஒரு வரிகூடப் போகாது என்றாரே, அந்த வாய்க்கு 6,800 வெள்ளி.

அடுத்தது இன்னும் மோசம். 2023-இல் போட்ட பில்லுக்கு இப்போது கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைக்கும் சீட்டு) போட்டால் ஜிஎஸ்டி வரி அன்றைய 8 விழுக்காடாக வர வேண்டும். எங்கள் மென்பொருள் 9 போட்டது. ஹாட்ஃபிக்ஸ் கிளையில் அவசரமாகத் திருத்தி மெயினில் சேர்த்தோம். சேர்த்தவுடன் அதே திருத்தம் டெவலப்புக்கும் தானாகப் போகும்படி ஸ்கிரிப்ட் என்ற சிறு நிரல் எழுதித் தருவது ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஸ்கிரிப்டும் இருந்தது, அதன் உள்ளே ஒன்றுமில்லை! அடுத்த வெளியீடு டெவலப்பிலிருந்து கிளம்பியது, பழைய தவறு உயிரோடு திரும்பி வந்தது. கணக்காளர்களிடம் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

அந்த வண்ணப் படம் அவர்களுடைய சொந்தச் சரக்கும் அல்ல என்பது பிறகு தெரிந்தது. 2010-இல் வின்சென்ட் ட்ரீசன் என்பவர் வெளியிட்ட கிட்-ஃப்ளோ முறை அது. அடிக்கடி வெளியிடப்படும் இணைய மென்பொருளுக்கு இதைவிட எளிய முறை போதும் என்று 2020-இல் அவரே குறிப்புச் சேர்த்திருக்கிறார். பல பழைய பதிப்புகளை ஒரே நேரத்தில் பராமரிக்க வேண்டியவர்களுக்குத்தான் அந்தச் சுமை தேவை. வாராவாரம் ஒரே பதிப்பை வெளியிடும் எங்களுக்கு ஒரு மெயின் கிளை, சில நாளில் மெர்ஜ் ஆகி மறையும் சிறு கிளைகள், மெயினில் நேராக யாரும் மாற்றம் சேர்க்க முடியாதபடி ஒரு தடை, அவ்வளவு போதும். இதைச் சொல்வதற்குத்தானே ஆலோசகர்?

சரி, அந்தத் தடையை நாங்களே போட்டுக்கொள்வோம் என்று அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் அனுமதி இல்லை. நிரல் சேமிப்புத் தளத்தில் கணக்கின் உரிமையாளர் அவர்கள். எங்கள் நிரல், எங்கள் சம்பளம், எங்கள் வாடிக்கையாளர், நாங்கள் வெறும் உறுப்பினர்! உரிமையை மாற்றித் தரச் சொன்னோம். "அது தனி வேலை, 1,200 வெள்ளி ஆகும்" என்று பதில்.

அங்கிருந்து தொடங்கியது அலைக்கழிப்பு. தொலைபேசியில் அழைத்தால், "புகார் டிக்கெட் போடுங்கள்." டிக்கெட் போட்டால், "ஒப்பந்த எல்லைக்குள் வராது" என்று ஒரு வரி எழுதி மூடிவிடுவார்கள். பேச வந்தவரைக் கேட்டால், அவர் விற்பனைப் பிரிவாம், தொழில்நுட்பம் தெரியாதாம். எங்கள் கண் முன்னால் மெர்ஜ் மோதலைப் பிரித்தவருக்குத் தொழில்நுட்பம் தெரியாதாம்! மேலாளர் விடுமுறையில். மேலாளர் திரும்பி வந்தார், ஆனால் கூட்டத்தில். கடைசியில் ஒரு அம்மணி, "வரலாறு உங்களுக்கு உண்மையிலேயே தேவையா சார்? முன்னோக்கிப் பாருங்கள்" என்று வாட்ஸ்அப்பில் அறிவுரை அனுப்பினார். அதற்கு நான் எழுதிய பதிலை இங்கே போட முடியாது.

எங்கள் பிழைப்பைக் காப்பாற்றியது ஜோகூரிலிருந்து தினமும் பாலம் கடந்து வரும் எங்கள் சக ஊழியர் ஒருவர். யாரும் சொல்லாமலே பழைய சப்வெர்ஷன் முழுவதையும் ஒரு வெளி வட்டில் படி எடுத்து வைத்திருந்தார். 'கிட் எஸ்விஎன்' என்ற கருவி இருக்கிறது, காசு வேண்டாம். பழைய பயனர் பெயர்களுக்கு எதிரே இன்றைய பெயரும் மின்னஞ்சலும் எழுதிய ஒரு பட்டியலை அதற்குக் கொடுத்து, மாற்றத்தை இரவில் ஓடவிட்டார். 2011-இன் முதல் கமிட் முதல் எல்லாம் அவரவர் பெயரோடு வந்து நின்றது. புதிய கணக்கு, இம்முறை எங்கள் பெயரில்.

கிட்டில் ஒரு கிளை என்பது வழக்கமாக 41 பைட் கோப்பு. ஒரு கமிட்டின் 40 எழுத்து அடையாளம், வரியின் முடிவுக்கு ஒன்று. பலகையில் வரைந்த ஐந்து கிளைக்கு 205 பைட். 6,800 வெள்ளியை அதனால் வகுத்துப் பார்த்தேன், பைட்டுக்கு 33 வெள்ளி. தங்கம்கூட இந்த விலைக்கு விற்காது.

ஆலோசனைகளை விரிவாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. கணக்கை உங்கள் மின்னஞ்சலில் நீங்களே திறந்து அவர்களை விருந்தினராகச் சேருங்கள், வேலை முடிந்ததும் நீக்குங்கள். 'கிட் லாக்' ஓட்டிப் பழைய பெயர்கள் தெரிந்த பிறகு மீதிப் பணம் கொடுங்கள். பழைய சர்வரை அவர்கள் சொன்னார்கள் என்று அணைக்காதீர்கள். நிறுவனத்துக்கு எதிராக நிறுவனம் என்பதால் பயனீட்டாளர் சங்கத்திடம் போக வழியில்லை. சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலான சேவை ஒப்பந்தத் தகராறுகளை எடுத்துக்கொள்ளும், வழக்கறிஞர் தேவையில்லை, 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும். மனுவோடு சேர்க்க அந்த அம்மணியின் வாட்ஸ்அப் அறிவுரையைத்தான் முதலில் அச்சிட்டு வைத்திருக்கிறேன்.